ஓவியரின் வண்ணம் ஏன் மாறுகிறது, உருவங்கள் ஏன் திரும்பி வருகின்றன?

கேள்வி இதுதான்: ஒரே ஓவியர் இளம்வயதில் வரைந்த படத்தையும் கடைசிக் காலத்தில் வரைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ஆட்கள் வரைந்தது போலத் தெரிகிறது. வண்ணம் அடியோடு மாறியிருக்கிறது. ஆனால் ஒரு மரமோ, பாலமோ, வட்டமோ, ஏதோ ஒன்று மட்டும் விடாமல் கூடவே வருகிறது. இது எப்படி நடக்கிறது? எல்லாம் ஓவியரின் மனநிலைதானா?

மனநிலைக்கும் பங்கு உண்டு. ஆனால் அதையே முதல் காரணமாகப் பிடித்துக்கொண்டால், படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாழ்க்கை வரலாற்றைப் படிக்க ஆரம்பித்துவிடுவோம். ஓவியர்களின் படங்களை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்த்ததில் பிடிபட்ட ஒரு விஷயத்தை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்: நல்ல ஓவியர்கள் பெரும்பாலும் வண்ணத்தையும் உருவத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுவதில்லை. ஒன்றை அசைக்கும்போது இன்னொன்றை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் அந்த உருவம் பல நேரங்களில் அந்தப் பிடிமானம்தான்.

மனநிலை விளக்கத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் பிக்காசோவின் நீலக் காலம். 1901 பிப்ரவரியில் அவருடைய நண்பர் கசகெமாஸ் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார், அந்தத் துக்கம்தான் 1904 வரை படங்களில் நீலமாக ஓடியது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் 1903-04இல் வரைந்த வயதான கிட்டார்க்காரர் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உடம்பு, துணி, சுவர் எல்லாம் நீலம். கிட்டார் மட்டும் பழுப்பு. நிறத்தை ஒன்றாகச் சுருக்கிவிட்டதால், வளைந்து ஒடுங்கிய உடம்பின் கோணங்களை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று அவரால் பார்க்க முடிகிறது. அதே கிட்டார் 1912இல் திரும்பி வருகிறது, இந்த முறை அட்டையை வெட்டி ஒட்டிய சிற்பமாக. துக்கம் போய்விட்டது, கிட்டார் போகவில்லை. இதை மனநிலையை மட்டும் வைத்து எப்படி விளக்குவது?

சரி, ஒரே ஒரு ஓவியரைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் இது தெளிவாகும். வான்கோவை எடுத்துக்கொள்கிறேன். அவர் முழுநேர ஓவியராக இருந்தது பத்து வருடம்தான், 1880 முதல் 1890 வரை. கூடவே, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அதனால் ஊகம் குறைவு.

1885இல் நுயெனன் என்ற டச்சு கிராமத்தில் ‘உருளைக்கிழங்கு தின்பவர்கள்’ வரைகிறார். தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறம் மாதிரி இருக்கிறது என்று அந்தப் படத்தின் வண்ணத்தைப் பற்றி அவரே எழுதினார். அந்தக் கருமை வேண்டுமென்றே வைத்தது. நிலத்தைத் தோண்டிய கையே தட்டுக்குள் நீள்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கு மண்ணின் நிறம் வேண்டும். அப்போதே அவர் வண்ணக் கோட்பாடு படித்துக்கொண்டிருந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா வண்ணத்தை எப்படிக் கையாண்டார் என்று புத்தகங்களில் தேடித் தேடிப் படித்தார். அறிவு முதலில் வந்துவிட்டது, கை பிறகுதான் வந்து சேர்ந்தது.

கை வந்து சேர்ந்த இடம் பாரிஸ். 1886 தொடக்கத்தில் அங்கே போய் இரண்டு வருடம் இருந்தார். முதல் கோடையில் அவர் அதிகம் வரைந்தது பூக்கள். சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, மஞ்சளுக்கு எதிரே ஊதா என்று எதிர்நிறங்களைத் தேடிப் பூக்களை வரைகிறேன் என்று ஓவிய நண்பர் ஒருவருக்கு எழுதினார். பூங்கொத்து என்பது கருத்து எதுவும் கேட்காத, பழகிப்போன உருவம். வண்ணத்தைக் கற்றுக்கொள்ள அவருக்கு அதுதான் தோதாக இருந்தது. நிறங்களைச் சேர்த்துச் சோதிக்க அவர் வைத்திருந்த கம்பளி நூல் உருண்டைகள், அவற்றைப் போட்டுவைத்த சிவப்புப் பெட்டியோடு ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் இன்னமும் இருக்கின்றன. ஒரு உருண்டையில் இரண்டு மூன்று நிற இழைகள் முறுக்கிக் கிடக்கும். கித்தானில் வண்ணத்தைச் செலவழிக்கும் முன் எந்த நிறம் எதன் பக்கத்தில் எப்படி நிற்கும் என்று நூலில் பார்த்துக்கொள்ளும் வழி அது.

இந்த எதிர்நிற விஷயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தார். கறுப்புச் சாயம் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்ற விதியை அவர் 1839இல் புத்தகமாக வெளியிட்டார். அந்த நூற்றாண்டின் ஓவியர்கள் பலருக்கு இது நேரடியாகவோ, யார் மூலமாகவோ போய்ச் சேர்ந்தது. ஊதாவையும் மஞ்சளையும் பேலட்டில், அதாவது வண்ணம் கலக்கும் பலகையில், கலந்தால் செத்த சாம்பல் நிறம் கிடைக்கும். கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் துடிக்கும். இதைப் படிப்பதைவிட இரண்டு துளி வண்ணம் எடுத்துச் செய்து பார்ப்பது நல்லது.

இப்போது வான்கோவின் விதைப்பவனுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

நிலத்தில் நடந்துகொண்டே விதையை வீசும் ஆள். இந்த உருவம் அவருக்கு பிரெஞ்சு ஓவியர் மில்லேயிடமிருந்து வந்தது. 1881இலேயே, வண்ணம் பக்கமே போகாத நாட்களில், அச்சுப் படத்தைப் பார்த்துப் பேனாவில் பிரதி எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஓவியமும் கோட்டோவியமுமாக முப்பதுக்கும் மேற்பட்ட முறை இதே விஷயத்துக்குத் திரும்பியிருக்கிறார். 1888 ஜூனில், தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில், தியோவுக்கு ஒரு கேள்வி எழுதுகிறார்: மில்லேயின் விதைப்பவன் நிறமற்ற சாம்பல், அவனை வண்ணத்தில், மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் நடக்கும் மோதலில் வரைய முடியுமா, முடியாதா? முடியும் என்று பதிலையும் அவரே எழுதிவிடுகிறார்.

அந்த ஜூன் மாதப் படம் நெதர்லாந்தின் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வானம் முழுக்க மஞ்சள். அடிவானத்தில் பெரிய சூரியன், அதிலிருந்து தடித்த தீற்றல்களாகக் கதிர்கள். அதற்குக் கீழே விளைந்த கோதுமை ஒரு பட்டையாக நிற்கிறது. படத்தில் பாதிக்கும் மேல் உழுத நிலம். நியாயமாக அது பழுப்பாக இருக்க வேண்டும். இங்கே ஊதாவும் நீலமும் மண்கட்டிகளாகக் குவிந்து கிடக்கின்றன, நடுநடுவே ஆரஞ்சும் மஞ்சளும் சிதறியிருக்கின்றன. அந்த ஆளை மட்டும் எடுத்துப் பாருங்கள்: நீட்டிய கை, எட்டி வைத்த கால், தோளில் தொங்கும் விதைப்பை. ஏழு வருடத்துக்கு முன் பேனாவில் வரைந்த அதே நடை. நிறங்களின் உண்மையைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை என்று நண்பர் பெர்னாருக்கு எழுதினார். அப்படிக் கவலைப்படாமல் இருக்க முடிந்ததற்குக் காரணமே அந்த ஆள்தான் என்று நினைக்கிறேன். அவன் அவ்வளவு பழகியவன், அவ்வளவு உறுதியானவன் என்பதால் நிலத்தை ஊதாவாக்கினாலும் படம் கலைந்துபோகவில்லை.

அதே வருடம் நவம்பரில் மறுபடியும் விதைப்பவன். இந்த முறை ஒரு மரம் படத்தைக் குறுக்கே சாய்வாக வெட்டுகிறது. இது ஜப்பானியப் பதிப்போவியங்களிலிருந்து கற்றது. சூரியன் இன்னும் பெரிதாகி, அந்த ஆளின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போல வந்து உட்கார்ந்துவிட்டது. வானத்தில் பச்சை கலந்த மஞ்சள். ஜூனில் நிலத்தையும் வானத்தையும் எதிரெதிரே நிறுத்த உதவிய அந்த மஞ்சள் இப்போது ஒரு ஆளைப் புனிதப்படுத்துகிறது. நிறம் ஒன்றுதான். அது செய்யும் வேலை ஐந்தே மாதத்தில் மாறிவிட்டது.

அப்புறம் 1889. சான் ரெமியில் மனநல விடுதியில் தங்கியிருக்கிறார். ஜன்னல் வழியாகச் சுற்றுச்சுவர் கட்டிய கோதுமை வயல் தெரிகிறது. இப்போது விதைப்பவன் இல்லை, அறுப்பவன் வருகிறான். அவனில் சாவின் உருவத்தைப் பார்த்தேன், மனிதர்கள்தான் அவன் அறுக்கும் கோதுமை, முன்பு நான் முயன்ற விதைப்பவனுக்கு இது நேர் எதிர் என்ற கருத்தில் தியோவுக்கு எழுதுகிறார். உடனே இன்னொன்றும் சொல்கிறார்: இந்தச் சாவில் சோகமான எதுவும் இல்லை, எல்லாம் பொன்னொளி பாயும் பட்டப்பகலில் நடக்கிறது. ஊதாக் குன்றுகளின் வரிசையைத் தவிர்த்தால் படம் முழுக்க மஞ்சள் என்று அவரே விவரிக்கிறார். சாவை வரைகிறவர் கறுப்பையோ சாம்பலையோ தேடிப் போகவில்லை. விதைப்புக்கு வைத்த அதே இரண்டு நிறங்களையே எடுத்தார். ஊதாவைக் குறைத்தார், மஞ்சளைப் படம் முழுக்கப் பரவவிட்டார். நுயெனனில் நிறம் பொருளைப் போலிருக்க வேண்டும் என்று நினைத்தவர், நான்கே வருடத்தில் நிறத்தைக் கொண்டே ஒரு கருத்தைத் திருப்பிப்போடுகிறார். மனநிலை இருண்டால் வண்ணமும் இருளும் என்ற எளிய கணக்கு இங்கே பொருந்தவே இல்லை.

‘காகங்கள் பறக்கும் கோதுமை வயல்’தான் அவருடைய கடைசிப் படம், அதில் சாவு தெரிகிறது என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அது கடைசிப் படம் இல்லை. கடைசியாக வரைந்ததாகக் கருதப்படுவது ‘மர வேர்கள்’ என்ற முடிக்காத படம். நீலமும் பச்சையும் மஞ்சளுமாக, பார்க்கவே துடிப்பாக இருக்கும்.

வண்ண மாற்றத்துக்கு இன்னொரு பெரிய காரணம் கடையில் என்ன கிடைக்கிறது என்பது. இதைக் கலை பற்றிய பேச்சில் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை. நீலம் என்றால் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளிலிருந்து வந்த லேபிஸ் லசூலி கல்லை அரைத்துத்தான் சிறந்த அல்ட்ராமரின் எடுக்க வேண்டும். அவ்வளவு விலை என்பதால் மேரியின் உடை மாதிரி முக்கியமான இடத்தில் மட்டும் பூசினார்கள். 1820களின் கடைசியில் அதைச் செயற்கையாகச் செய்ய வழி கண்டுபிடித்ததும் நீலத்தைத் தாராளமாக அள்ளிப் பூச முடிந்தது. 1841இல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கலந்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். டியூப் வந்த பிறகுதான் ஏகப்பட்ட நிறங்களோடு வெளியே போய் வெயிலில் நின்று வரைவது எளிதானது. ஜப்பானில் ஹொகுசாய் 1830 வாக்கில் தொடங்கிய ஃபூஜி மலை வரிசைக்கு உயிர் கொடுத்தது அப்போது அங்கே தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிரஷ்ய நீலம். முப்பத்தாறு காட்சிகள் என்று ஆரம்பித்தது, வரவேற்பைப் பார்த்து நாற்பத்தாறு ஆனது. சில வருடங்களில் அதே மலையை வைத்து நூறு காட்சிகள் கொண்ட புத்தகம் கொண்டுவந்தார். அதில் கறுப்பும் சாம்பலும் மட்டும்தான். நீலத்தால் புகழ்பெற்ற மலையை நீலம் இல்லாமல் நூறு விதமாக வரைந்து காட்டினார்.

பிரெஞ்சு ஓவியர் மோனேயின் கதையில் கண் என்ற இன்னொரு காரணம் சேர்கிறது. 1890-91இல் வைக்கோற்போர்களை இருபத்தைந்து முறை வரைந்தார். பக்கத்தில் பல கித்தான்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவார். வைக்கோற்போர் அசையாது, பெரிய வடிவமும் கிடையாது. அதனால் காலைப் பனியின் வெளிர்நீலமும் மாலையின் செம்மையும் தனியாகப் பிரிந்து தெரிகின்றன. பார்க்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது நிழலை. எந்த நிழலிலும் கறுப்பு இருக்காது. நீலம், ஊதா, சில சமயம் சிவப்பு.

அதே மனிதர் தன் தோட்டத்துக் குளத்தின் மேல் கட்டிய ஜப்பானியப் பாலத்தை 1899இல் வரைந்தபோது எல்லாம் குளிர்ச்சியான பச்சை. வளைவு, கைப்பிடி, நீர்ப் பிரதிபலிப்பு என்று தெளிவாக எண்ணலாம். 1912இல் இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. 1918க்குப் பிறகு வரைந்த அதே பாலத்தில் துருச் சிவப்பும் பழுப்பும் எரிமஞ்சளும் கயிறு கயிறாகப் பின்னிக் கிடக்கின்றன. முன்பே தெரியாவிட்டால் அது பாலம் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். புரை வந்த கண் வில்லை மஞ்சளாகிப் பழுப்பேறும், நீல ஒளியைத் தடுக்கும். டியூபில் ஒட்டியிருக்கும் பெயரையும், பேலட்டில் எந்த நிறம் எங்கே என்ற பழக்கத்தையும் நம்பியே வேலை செய்கிறேன் என்று அவரே சொன்னார். 1923இல் வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினார்.

அப்படியானால் கடைசிக் கால மோனே முழுக்கக் கண்நோயின் விளைவா? நான் அப்படி நினைக்கவில்லை. சிகிச்சைக்குப் பிறகு பார்வை தெளிந்தபோது பழைய படங்கள் சிலவற்றைத் திருத்தினார், பிடிக்காதவற்றை அழித்தார். அதைத் தாண்டியும் சில பாலங்கள் மிஞ்சியிருக்கின்றன. இன்னொன்று, இருபது வருடமாக வரைந்த பாலம் அது. அதன் வளைவு அவர் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் மனப்பாடம். கண் காட்டிக்கொடுக்காத இடத்தில் கை தானாகவே போனது. புதிதாக ஒரு உருவத்தை எடுத்திருந்தால் அந்தப் பார்வையோடு இவ்வளவு துணிந்து வண்ணம் போட்டிருக்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் உருவத்தைப் பிடித்துக்கொண்டு வண்ணத்தை நகர்த்தியவர்கள். எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. டச்சு ஓவியர் மொந்த்ரியான் 1908இல் தொடங்கி வரைந்த மரம் ஒன்று நீலப் பின்னணியில் சிவப்பாகக் கொதிக்கிறது. 1911இல் மறுபடியும் ஒரு மரம், ஆனால் முழுக்கச் சாம்பல். கிளைகள் வில் வில்லாக வளைந்து வெளியையே துண்டுபோடுகின்றன. 1912இன் பூத்த ஆப்பிள் மரத்தில் மரமே கிட்டத்தட்ட இல்லை, வளைகோடுகள்தான் மிச்சம். உருவத்தை உடைக்கும் வேலை நடக்கும்போது வண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டார். 1920களில் நேர்கோட்டுக் கட்டங்கள் நிலைப்பட்ட பிறகு சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் திரும்பின. 1940இல் நியூயார்க் போனார். கட்டம் அவருக்கு இப்போது இரண்டாம் இயல்பு. உடனே வண்ணம் மறுபடி அசைகிறது: 1942-43இல் வரைந்த ‘பிராட்வே பூகி வூகி’யில் கறுப்புக் கோடுகளே கிடையாது, கோடுகள் எல்லாம் மஞ்சளாகி, அதில் சிவப்பும் நீலமும் சாம்பலும் சிறு சதுரங்களாகத் துள்ளுகின்றன. பிக்காசோவும் அவருடைய ஓவிய நண்பர் பிராக்கும் 1910 வாக்கில் உருவத்தைச் சில்லுச் சில்லாக்கியபோது பழுப்பையும் சாம்பலையும் தாண்டாமல் இருந்ததும் இதே கணக்குதான். இரண்டையும் ஒரே நேரத்தில் குலுக்கினால் பார்க்கிறவருக்கு மட்டுமில்லை, வரைகிறவருக்கே எது எதனால் மாறியது என்று புரியாமல் போய்விடும்.

இந்திய ஓவியர் எஸ். எச். ரஸா இன்னொரு வகை. அவருடைய அடையாளமான உருவம் மிகத் தாமதமாக வந்தது. 1922இல் மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா பகுதியில் ஒரு காட்டோரக் கிராமத்தில் பிறந்தவர். அலைபாயும் பையனை அடக்கப் பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்ன கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் புள்ளி உடனே கித்தானுக்கு வரவில்லை. 1950இல் பிரான்ஸ் போய் வீடுகளும் தேவாலயங்களும் கொண்ட நிலக்காட்சிகளை வரைந்தார். சிலவற்றில் கறுப்புச் சூரியன் தொங்குகிறது. 1962இல் அமெரிக்காவில் பெர்க்லியில் கற்பிக்கப் போனபோது ரோத்கோ போன்ற அரூப (பொருளின் உருவம் காட்டாத) ஓவியர்களின் படங்களை நேரில் பார்த்தார். அதன் பிறகு வீடுகள் கரைந்து, வண்ணமே காட்சியானது. எண்ணெய் வண்ணத்திலிருந்து அக்ரிலிக்குக்கு மாறியதும் கைவீச்சை மாற்றியது. அது சீக்கிரம் காயும், தட்டையாகவும் தெளிவாகவும் நிற்கும்.

1970களில் அவர் படங்களைப் பாருங்கள்: ராஜஸ்தானி சிற்றோவியங்களின் கொதிக்கும் சிவப்பும் காவியும் மஞ்சளும் கறுப்புப் பின்னணியில் வெடிக்கின்றன, ஆனால் ஒழுங்கான உருவம் ஒன்றும் இல்லை. வண்ணம் தயாராகிவிட்டது, உட்கார இடம் இல்லை. 1980 வாக்கில் பிந்து என்ற அந்தப் புள்ளி வந்து அந்த இடத்தைக் கொடுத்தது. பெரிய கறுப்பு வட்டம், சுற்றிலும் சதுரம், முக்கோணம், பட்டைகள். ஐம்பூதங்களுக்கான நிறங்கள் ஒவ்வொன்றாக அதைச் சுற்றி அமர்ந்துகொண்டன. மூன்று பத்தாண்டுக்கு மேல் அந்த வட்டத்தை விடவில்லை. கடைசிக் கால பிந்துக்கள் சிலவற்றில் கறுப்பே இல்லாமல் வெண்மை படர்ந்திருக்கும். பிந்துப் படங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று குறைசொல்கிறவர்களோடு எனக்கு ஓரளவுக்கு உடன்பாடு உண்டு, எல்லாமே ஒரே உயரத்தில் இல்லை. ஆனால் நல்லவற்றில் வட்டத்தின் விளிம்பை மட்டும் கவனித்தால் போதும். கறுப்பு அடுத்த நிறத்தைத் தொடும் இடத்தில் எத்தனை படிநிலைகள் வைத்திருக்கிறார் என்று தெரியும்.

நான் சொன்ன விதி மீறப்பட்டதாகத் தோன்றும் உதாரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்க ஓவியர் ஃபிலிப் கஸ்டன். 1950களில் மென்மையான அரூப ஓவியங்களுக்குப் பெயர் பெற்றவர், 1970இல் நியூயார்க் கண்காட்சியில் முகமூடித் தொப்பி போட்ட ஆட்கள், பூட்ஸ்கள், மின்விளக்கு, சிகரெட் என்று கார்ட்டூன் போன்ற படங்களைத் தொங்கவிட்டார். நண்பர்கள் பலர் அதிர்ந்து விலகினார்கள். அவர்கள் பார்த்தது திடீர் முறிவு. ஆனால் அந்த இளஞ்சிவப்பும் காட்மியம் சிவப்பும் அரூபப் படங்களிலேயே இருந்தவை. முகமூடி ஆட்களும் 1930களில் அவர் வரைந்த பழைய படங்களிலிருந்து வந்தவர்கள். முப்பது வருடத்துக்கு மேல் காணாமல் போயிருந்த உருவம், நடுவில் கண்டெடுத்த வண்ணத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

உருவங்கள் திரும்புவதற்குப் பெரிய தத்துவம் இல்லாத காரணங்களும் உண்டு, அவற்றையும் மறைக்க வேண்டாம். வான்கோ முப்பதுக்கும் மேற்பட்ட சுயஉருவப் படங்கள் வரைந்ததற்கு ஒரு காரணம், மாடலுக்குக் கொடுக்கக் காசில்லை. அதற்காகவே நல்ல கண்ணாடி ஒன்று வாங்கினார். இத்தாலிய ஓவியர் மொராந்தி பொலோனியா நகரத்தில் ஒரே அறையில் ஒரே புட்டிகளைப் பல பத்தாண்டுகள் வரைந்தார். அவை அசையாது, பேசாது, பளபளப்பு தெரியாமல் அவற்றுக்கு மேலே மங்கலாக வண்ணம் பூசிவைக்கலாம். வாங்குபவர்கள் அதே உருவத்தைக் கேட்பதும் நடக்கும். அதனால் ஒரு உருவம் திரும்ப வந்துவிட்டது என்பதற்காகவே அதற்கு ஆழமான அர்த்தம் உண்டு என்று முடிவுகட்ட வேண்டாம். திரும்பி வரும்போது அதைச் சுற்றி ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஓவியர் அங்கே வேலை செய்திருக்கிறார்.

நீங்களே ஒரு ஓவியரை இப்படிப் படிக்க விரும்பினால், அவருடைய மொத்தப் படங்களையும் புரட்டாமல் ஒரே ஒரு உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். அது வரும் படங்களை மட்டும் ஆண்டு வரிசையில் வையுங்கள். ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் அமைப்பு எங்கே மாறுகிறது என்று தெரியும், அப்புறம் வண்ணத்தோடு பார்த்தால் வண்ணம் எங்கே மாறுகிறது என்று தெரியும். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஆண்டுகளாக இருக்கும். ஓவியர் ஊர் மாறிய ஆண்டையும் புதிய பொருளுக்கு மாறிய ஆண்டையும் அதன் பிறகு சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை வரலாற்றைக் கடைசியாக எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. நாம் இன்று பார்க்கும் வண்ணம் ஓவியர் வைத்த வண்ணமாகவே இருக்க வேண்டியதில்லை. வான்கோ ஆர்லில் தன் படுக்கையறையை வரைந்து, சுவர் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதினார். இன்று அது நீலமாக இருக்கிறது. அவர் விரும்பிப் பயன்படுத்திய ஜெரேனியம் சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துவிடும், அதோடு கலந்த நீலம் மட்டும் மிஞ்சும். அவருடைய குரோம் மஞ்சளில் சில வகைகள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகின்றன, அதிலுள்ள குரோமியமே வேதியியல் ரீதியாக மாறுகிறது. இது அவருக்குத் தெரியாமல் இல்லை. இம்ப்ரெஷனிசம் (மோனே போன்றவர்களின் ஓவிய இயக்கம்) பிரபலமாக்கிய நிறங்கள் எல்லாம் நிலையற்றவை, அதனால்தான் அவற்றைத் துணிந்து அப்பட்டமாகவே பூச வேண்டும், காலம் எப்படியும் அவற்றை மென்மையாக்கிவிடும் என்று 1888 ஏப்ரலில் எழுதியிருக்கிறார். ஆக, அவருடைய வண்ண வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது கடிதத்தில் அவர் எழுதிய நிறப் பெயரையும் கித்தானில் இருப்பதையும் ஒப்பிடாமல் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் படாமல் ஒளிந்திருக்கும் ஓரங்களில் பழைய நிறம் சில சமயம் அப்படியே இருக்கும். பெரிய அருங்காட்சியகங்கள் வெளியிடும் ஆய்வுப் படங்களில் அந்த ஓரத்தைத் தேடிப் பாருங்கள். படுக்கையறையின் மூன்று வடிவங்கள் ஆம்ஸ்டர்டாம், சிகாகோ, பாரிஸ் ஆகிய மூன்று ஊர்களில் இருக்கின்றன. ஒரே கட்டில், ஒரே நாற்காலிகள். பயிற்சியை அங்கேயே ஆரம்பிக்கலாம்.